தாடியில்லாதவர் முன்னிலையில் ஒரு மாப்பிள்ளை பார்த்தல்

மச்சான்,

இன்று காலை ஃபாரஸ்ட் கேட் நூலகத்தில் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள். தமிழ்ப் பேப்பர் பார்க்கப் போன நான் வாசலைத் தாண்டவில்லை. அந்த மணம் மூக்கில் ஏறியதும் கால் தளர்ந்து, கண் இருண்டு, நூலகர்கள் நால்வர் ஓடி வந்து தாங்கிப் பிடிக்க, அம்புலன்ஸ் அலறியபடி வந்து நின்றது என்று எழுதத்தான் கை துடிக்கிறது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, மரண அறிவித்தல் பக்கத்தை அரை மணித்தியாலம் வாசிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அரை மணித்தியாலம் என்பதும் நான் கூட்டியதுதான். பத்து நிமிடம்.

உன் சீருடையில் இருந்த மணம் அது. எங்கள் ஆட்கள் வேலையால் வரும்போது ஒருவர் பெற்றோல் மணப்பார், ஒருவர் பொரித்த கோழி மணப்பார். நீ மட்டும் ஏதோ மாளிகையிலிருந்து விடுமுறைக்கு வந்தவன் மாதிரி மெழுகு மணத்தோடு படியேறி வருவாய். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. உனக்குக் கடிதம் எழுத இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம், நான் எழுதினால் கூட்டி எழுதிவிடுவேன் என்ற பயம். நீ பக்கத்தில் இருந்தால் பிழை பிடிப்பாய். இப்போது நானே எழுதி நானே பிடிக்க வேண்டியிருக்கிறது.

எண்பத்தைந்தில் ரொம்ஃபோர்ட் வீதியில் ஒரு மாடி அறையில் நாம் இருவரும் வந்து சேர்ந்தோம். இரண்டு கட்டில், ஒரு யன்னல், சாத்தினாலும் காற்று வரும் கதவு. எனக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் காசாளர் வேலை. ஆகவே கிழக்கு லண்டனின் எண்ணெய் வள அமைச்சராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். உனக்கு நகரத்தின் நடுவில் அந்தப் பெரிய மியூசியத்தில் வேலை கிடைத்தது. பாரசீக அறையில் நாள் முழுக்க நின்று, பொருட்களைத் தொட வருகிறவர்களிடம் தொடாதே என்று சொல்லும் வேலை. அதை நான் அப்படியே சொல்வேனா? அன்று பின்னேரமே தெரிந்த அத்தனை பேருக்கும் அறிவித்தேன்: என் சிநேகிதன் பாரசீகப் பேரரசைப் பொறுப்பெடுத்துவிட்டான்.

“டேய், நான் கதிரைக்குப் பக்கத்திலை நிக்கிறவன்” என்றாய். “கதிரையிலை இருக்கவும் விடமாட்டினம்.”

ஆனால் நின்றவன் சும்மா நிற்கவில்லை. அந்த அறையில் இருந்த பழைய அரண்மனைச் சுவர் ஒன்றின் சாந்துப் பிரதியை நீ நாள்தோறும் பார்த்தாய். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் தங்களுக்குள் கதைப்பதைக் காதில் போட்டுக்கொண்டாய். இரவல் வாங்கிய புத்தகங்களை மதிய இடைவேளையில் பாண் கடித்தபடி படித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவருக்கு முன் நிறுத்தினாய்.

சிங்காசனத்தில் அரசன். அவனுக்குப் பின்னால் இளவரசன். இருவருக்கும் அலை அலையாக இறங்கும் தாடி. சுவரில் இருந்த எல்லோருக்குமே தாடி, ஒருவரைத் தவிர. இளவரசனுக்குப் பின்னால், தலையையும் நாடியையும் துணியால் சுற்றிக்கொண்டு, கையில் துண்டு போல மடித்த துவாயோடு அவர் நின்றார்.

“இந்த மனுசனுக்குத்தான் அரண்மனையிலை சவரம் எடுக்க நேரம் கிடைச்சிருக்கு” என்றேன் நான்.

நீ சிரிக்கவில்லை. அவர் ஓர் அண்ணகர் என்று பலர் சொல்வதாகச் சொன்னாய். இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு என்றாய். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லையாம். பிறகு அண்ணகர் என்றால் யார் என்று விளக்கினாய். போரில் தோற்ற நாடுகளிலிருந்து சிறு பையன்களைப் பிடித்து வருவார்கள். ஆண்மையை வெட்டி நீக்கிவிட்டு, அரண்மனை வேலைக்கு வளர்ப்பார்கள். அரசனின் படுக்கையறை வாசலில், அரசியின் முற்றத்தில், கருவூலத்தின் கதவில் அவர்கள்தான். கிரேக்கர்கள் அவர்களைப் பற்றி வாய் ஓயாமல் எழுதி வைத்தார்கள், பாதி உண்மை, பாதி வம்பு.

வம்பு என்றதும் என் காது தூக்கிக்கொண்டது. அந்தச் சாம்ராச்சியத்தின் கடைசிக் காலத்தில் ஓர் அண்ணகர் படைத்தளபதியாக இருந்து, ஓர் அரசனுக்கு நஞ்சு வைத்து, அவன் மகனை அரசனாக்கி, அவனையும் தீர்த்துக்கட்டி, மூன்றாமவனுக்கும் கிண்ணத்தை நீட்டியபோது, நீயே குடி என்று அவன் சொல்லிவிட்டானாம். மறுநாள் பெற்றோல் ஸ்டேஷனில் இந்தக் கதை என் வாயிலிருந்து வந்தபோது அரசர்கள் இருவர் பதினெட்டுப் பேராகியிருந்தார்கள். ஒரு லொறிச் சாரதி கதையில் மயங்கி, பெற்றோல் அடிக்காமலே போய்விட்டான்.

இது உன் காதுக்கு எட்டியபோது நீ சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“அவன் ஒருத்தன் மச்சான். கதவைத் திறந்து மூடிக்கொண்டு செத்துப்போன ஆயிரம் பேரைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை.”

இன்னொரு கதையும் சொன்னாய். அந்தப் பேரரசை நிறுவிய அரசன் தன் காவலுக்கு யாரை வைப்பது என்று யோசித்தானாம். மனைவி உள்ளவன் மனைவியை நேசிப்பான், பிள்ளை உள்ளவன் பிள்ளையை. அண்ணகருக்கு இரண்டும் இல்லை. ஆகவே என்னை மட்டும்தான் நேசிப்பான், என்னைவிட்டால் அவனுக்குப் போக இடமில்லை என்று முடிவு கட்டி, வாசல் காவலனிலிருந்து எல்லோரையும் அவர்களிலேயே எடுத்தானாம். நான் தொடையில் தட்டி, என்ன மூளை என்று வியந்தேன். மந்திரி பதவியில் இருக்கிற எனக்கே இது தோன்றவில்லையே என்றேன்.

நீ தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனாய். தண்ணீர்ச் சத்தத்துக்குள் உன் குரல் கேட்டது. “அது அரசன்ரை யோசனை. மற்றவனிட்டை ஆர் கேட்டது?”

உன் குரல் ஏன் அப்படி மாறியது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் பிறகு செய்த மடைத்தனத்தைச் செய்திருக்க மாட்டேன்.

எண்பத்தொன்பதில் உனக்கு முப்பத்தெட்டு வயது. கலியாணப் பேச்சை எடுத்தாலே சப்பாத்தைத் துடைக்கத் தொடங்குவாய். நான்தான் அதற்குள் இந்தப் பக்கத்துத் தமிழர் எல்லோருக்கும் மாமாவாகி, யாருக்கு யார் பொருத்தம் என்று தலையிடும் உரிமையையும் எடுத்துக்கொண்டேனே. அப்போதுதான் பவானியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். முப்பத்துமூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து புருஷன் போய்விட்டார். ஏழு வயது மகள் ஆரணியோடு இல்ஃபோர்ட்டில் தமையன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்தாள். தமையன் சிவநாதன் கவுன்சில் கந்தோரில் கோப்புப் பார்க்கிறவர். ஒரு வசனத்தை மூன்று தரம் சரிபார்த்துவிட்டு நாலாம் தரம் சந்தேகப்படுகிறவர். ஆனாலும் தங்கைக்கு இன்னொரு வாழ்க்கை வேண்டும் என்று ஊர் வாய்க்கு அஞ்சாமல் தேடினார். அந்தக் காலத்தில் அது சின்னத் துணிச்சல் இல்லை.

உன்னைக் கேட்காமல் உன் சாதகத்தை உன் பெட்டியிலிருந்து எடுத்தேன். எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். சாதகத்தோடு ஒரு தாளில் மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, வீடு, சகோதரம் எல்லாம் எழுதிக் குறிப்பாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை நான் எழுதினேன். நீல மையிலும் சிவப்பு மையிலும் எழுதினேன். பாரசீகப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி. ஃபாரஸ்ட் கேட்டில் மாடி வீடு. ஆங்கிலத்தோடு பண்டைய பாரசீகமும் எழுதப் பேசத் தெரியும். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. வெறுமையான தாளைக் கண்டால் எனக்குத் தாங்காது. “சந்தான பாக்கியம் பலமாக உள்ளது. ஆண் குழந்தைகள் மூவர் நிச்சயம் என்பது சோதிடர் வாக்கு” என்று எழுதிச் சிவப்பு மையால் கோடும் போட்டேன்.

எந்தச் சோதிடரும் அந்தச் சாதகத்தைப் பார்க்கவில்லை. சோதிடரும் நான்தான்.

சிவநாதன் அண்ணையிடமிருந்து பதில் வந்தது. ஊரில் என்றால் கோயிலில் வைத்து மாப்பிள்ளைக்குத் தெரியாமல் பார்ப்பார்கள். இங்கே மாப்பிள்ளைக்கு ஞாயிறும் வேலை என்பதால் மியூசியத்துக்கே வந்து, கூட்டத்தோடு கூட்டமாகப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார். அதிகாரியை அவர் ஆசனத்திலேயே பார்க்க அவருக்கு ஆசை போலும்.

அந்த ஞாயிறு காலை இருபத்தைந்தாம் நம்பர் பஸ்ஸின் மேல்தட்டில்தான் உனக்கு விஷயத்தைச் சொன்னேன். ஓடும் பஸ்ஸிலிருந்து குதிக்க மாட்டாய் என்ற தைரியம். குறிப்பின் பிரதியையும் நீட்டினேன். வாசித்தாய். மடித்தாய். மறுபடி விரித்துக் கடைசி வரியைப் பார்த்தாய்.

“மூண்டோ?”

“நீ சொன்னால் நாலாக்கலாம்” என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் என் பல்லை நானே கழற்றி எறியலாம் போலிருக்கும்.

நீ வெளியே பார்த்தபடி சொன்னாய். ஊரில் உன்னைப் பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் வைத்திருந்த இராணுவக் காம்பைப் பற்றி எனக்குத் தெரியும். அங்கே வாங்கிய அடி எங்கே விழுந்தது என்பது மட்டும் தெரியாது. “இஞ்சை வந்தாப் பிறகு டொக்டர் பாத்தவர். எனக்குப் பிள்ளை வராது, மச்சான்.” பஸ், ‘போ’ என்ற இடத்தில் நடு வீதியில் நிற்கும் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போனது. நாலு வருடம் ஒரே அறையில் இருந்த எனக்கு, நாலு நிமிடம் வாய் திறக்க முடியவில்லை. இந்த நாலு நிமிடத்தில் நான் ஒரு விநாடியும் கூட்டவில்லை.

பிறகு, இறங்கி ரெலிபோன் எடுத்து அவர்களை வரவேண்டாம் என்று சொல்கிறேன் என்றேன். வயிற்றுக்குத்து, தீ விபத்து, சிங்கம் தப்பிவிட்டது, ஏதாவது ஒரு காரணம் என் கையில் எப்போதும் இருக்கும்.

“வேண்டாம்” என்றாய். “வரட்டும்.”

நான் அந்த அறையில் ஒரு கல் சிங்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வயிறு இரண்டு பக்கமும் வெளியே தெரிந்திருக்கும். மூன்று மணியளவில் அவர்கள் வந்தார்கள். சிவநாதன் அண்ணை கழுத்துப் பட்டியோடு, உல்லாசப் பயணி போல முகத்தை வைத்துக்கொண்டு முன்னால் வந்தார். பவானி சாம்பல் நிறக் கோட்டு. ஆரணி சிவப்புத் தொப்பி. அண்ணை நேரே உன்னிடம் வந்து, பாரசீகப் பகுதியின் பொறுப்பதிகாரியை எங்கே காணலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நான்தான் அண்ணை” என்று தமிழில் சொன்னாய். “அதிகாரி இல்லை. இந்த அறையிலை நிக்கிறவன். வாங்கோ.”

சிங்கத்துக்குப் பின்னால் எனக்கு வியர்த்தது. நீயோ, மற்ற எந்த ஞாயிறும் போல, அவர்களைச் சுவருக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனாய். அரசனைக் காட்டினாய். இளவரசனைக் காட்டினாய். பெரியவர்கள் தாடிகளைப் பார்த்துக்கொண்டிருக்க, ஆரணிதான் துவாய்க்காரரைக் கண்டுபிடித்தாள். ஏன் அவருக்கு மட்டும் தாடி இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவரைச் சின்ன வயதில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள், அரண்மனையில்தான் வளர்ந்தார் என்று நீ சொன்னாய். அவருடைய பேர் என்ன என்றாள். அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்றாய். அந்தப் பிள்ளைக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டிருக்க வேண்டும். முகத்தைச் சுளித்துக்கொண்டு துவாய்க்காரரைப் பார்த்தபடி நின்றாள். சுவரின் அந்தப் பக்கம் ஈட்டி பிடித்த வீரர்கள் நிற்கிறார்கள், போய்ப் பார் என்று அவளை நீ அனுப்பினாய்.

அதற்குப் பிறகுதான் சொன்னாய். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை.

“அண்ணை, என்ரை சிநேகிதன் எழுதித் தந்ததிலை மூண்டு பிள்ளை எண்டு இருக்கு. எனக்கு ஒண்டும் வராது. காம்பிலை அடிச்ச அடி. சுவரிலை நிக்கிற இந்த மனுசனையும் கேட்டுச் செய்யேல்லை, என்னையும் கேட்டுச் செய்யேல்லை. அதை மறைச்சுக்கொண்டு உங்கட வீட்டு வாசல் ஏற என்னாலை ஏலாது.”

சிவநாதன் அண்ணையின் முகம் மூடிய கோப்பு மாதிரி ஆனது. நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். பவானி நகரவில்லை. அந்தத் துவாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உது வேர்வை துடைக்கவோ?” என்று கேட்டாள்.

“ஓம். அரசனுக்கு.”

“அப்ப இவருக்கு வேர்த்தால்?”

நீ திரும்பித் துவாய்க்காரரைப் பார்த்தாய். நாலு வருடமாக அந்தச் சுவரைப் பார்த்த நீ அந்தக் கேள்வியை ஒரு நாளும் கேட்டிருக்கவில்லை என்று எனக்குச் சிங்கத்துக்குப் பின்னாலிருந்தே தெரிந்தது. அவள் தலையை ஆட்டிவிட்டுத் தமையனின் பின்னால் போனாள்.

அடுத்த ஐந்து நாள் நீ என்னோடு கதைக்கவில்லை. சமைத்தாய், எனக்கும் போட்டாய், கதைக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் குறிப்பின் பிரதியை என் தலையணையில் வைத்தாய். “நாளைக்கு இல்ஃபோர்ட்டுக்குப் போ. எழுதினதை வரி வரியா எடுத்துப்போட்டு வா. அவை என்னை வேண்டாம் எண்டு சொல்லட்டும். உண்மையான என்னை வேண்டாம் எண்டு சொல்லட்டும்.”

போனேன். உலக வரலாற்றில் தன் பொய்களைத் தானே வாசித்துத் திருத்துவதற்காகப் பஸ் எடுத்துப் போன முதல் மந்திரி நான்தான். சிவநாதன் அண்ணை முன்னறையில் மூக்குக் கண்ணாடியோடு, மூலப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பவானி கதவோரம் நின்றாள்.

“மாடி வீடு எண்டு போட்டிருக்கு.”

“மாடி உண்மை, அண்ணை. வீடுதான் இல்லை. அறை.”

“பாரசீகம் எழுதப் பேசத் தெரியும்?”

“அது... அந்தப் பாஷையைப் பேசுற ஆக்கள் இப்ப ஒருத்தரும் உயிரோடை இல்லை. பிழை எண்டு சொல்ல ஆளில்லை எண்டு துணிஞ்சு எழுதிப்போட்டன்.”

கதவோரத்தில் பவானி வாயைப் பொத்திக்கொண்டதைக் கண்டேன். அண்ணை சிரிக்கவில்லை. ஒவ்வொரு வரியாக வெட்டினார். வெட்டி முடிந்தபோது அந்தத் தாளில் மிஞ்சியது உன் பெயரும் பிறந்த நேரமும்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

“நானும் இந்த ஒரு கிழமை யோசிச்சனான். ஒரு விதத்திலை இது நல்லதுதான். அவருக்கெண்டு பிள்ளை வராட்டி, ஆரணிக்கு ஓரவஞ்சனை வராது. வேறை போக்கிடமும் இல்லை. பவானியையும் பிள்ளையையும் விட்டால் அவருக்கு ஆர்? விசுவாசமா இருப்பார்.”

மச்சான், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய அந்த அரசன் இல்ஃபோர்ட்டில் கழுத்துப் பட்டி கட்டிக்கொண்டு இருப்பது போலிருந்தது. அண்ணை கெட்டவர் இல்லை. சம்மதிக்கத்தான் ஒரு வழி தேடினார். நான் ஓம் என்று சொல்லியிருந்தால் உன் கலியாணம் அந்த இடத்திலேயே முடிவாகியிருக்கும். வாயைத் திறந்தேன். சத்தியமாக, என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. பவானி முந்திவிட்டாள்.

“அண்ணை, என்ரை பிள்ளைக்குக் காவல் நிக்க நான் ஆள் தேடேல்லை. அந்த மனுசன் பேசாமல் இருந்திருந்தால் கலியாணம் நடந்திருக்கும். நடந்தாப் பிறகு ஆர் என்ன கேக்கப் போகினம்? அவர் முதலே சொன்னவர். எனக்கு அவரோடை இருந்து தேத்தண்ணி குடிக்க வேணும். அவருக்கும் அப்பிடி இருந்தால் வரட்டும். இல்லாட்டி விடட்டும்.”

அண்ணை கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். தங்கையை அன்றுதான் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, பிஸ்கட் எடுங்கோ என்று என்னிடம் தட்டை நீட்டினார்.

நான் பறந்து வந்தேன். படியேறி மூச்சிரைக்க நின்றபோது நீ கட்டிலில் இருந்து சப்பாத்துக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாய். சொல்லத் தொடங்கினேன். அவள் கண்ணீர் ஆறாய்ப் பெருக, என்று ஆரம்பித்த உடனே கையைக் காட்டி நிறுத்தினாய்.

“அழுதவவோ?”

“இல்லை.”

“அப்ப அதை விடு. அவ சொன்னதை மட்டும் சொல்லு. ஒரு சொல்லும் சேர்க்காதை.”

சொன்னேன். அண்ணை சொன்னதையும் சொன்னேன், மறைக்கவில்லை. அதைக் கேட்டபோது உன் கை நூலில் நின்றுவிட்டது. அந்த யோசனையோடுதான் உன்னை அந்த வீட்டுக்குள் எடுப்பார்கள் என்றால் நீ போகமாட்டாய் என்று எனக்கு விளங்கியது. அவள் அதற்கு என்ன சொன்னாள், மறுபடி சொல்லு என்றாய். சொன்னேன். காவல் நிற்க ஆள் தேடவில்லை என்றாளா, தேவையில்லை என்றாளா என்றாய். தேடவில்லை என்றாள் என்றேன். மூன்றாம் தரமும் சொல்ல வைத்தாய். என் வாழ்க்கையில் ஒரு கதை மூன்று தரம் சொல்லியும் ஒரே அளவில் இருந்தது அன்றைக்குத்தான்.

நீ எழும்பிக் கோட்டைப் போட்டுக்கொண்டு கீழே ரெலிபோன் பெட்டிக்குப் போனாய். நான் பின்னாலேயே வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றேன். கதவு முழுதாகச் சாத்தாது என்பதை நீ மறந்துவிட்டாய்.

“எனக்கு நாளைக்குப் பின்னேரம் ஷிப்ட் இல்லை” என்றாய். “தேத்தண்ணிக்கு வரலாமோ?”

மிச்சம் ஊருக்குத் தெரிந்த கதை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, விம்பிள்டன் பிள்ளையார் கோயிலில் தாலி. பத்தாயிரம் பேர் வந்தார்கள். சரி, முப்பத்தாறு. இல்ஃபோர்ட்டில் ஒரு சின்னக் குடியிருப்பு. ஆரணி உன்னை முதலில் அங்கிள் என்றாள். இரண்டாம் வருடம் என்றோ ஒரு நாள் அப்பா என்றாள். நீ அதை எவரிடமும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுக்க உன் நடையில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் பாரசீகர் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னபோது, அரசனைப் பற்றி எழுதாமல் துவாய்க்காரரைப் பற்றி எழுதி, அவருக்குத் தானே ஒரு பேரும் வைத்தாள். அந்தப் பேர் என்ன என்று என்னிடம் நீங்கள் இருவரும் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் நான் ஊர் முழுக்கப் பரப்புவேனாம். நல்ல காரணம்தான்.

அந்த வீட்டில் எட்டு வருடம் உனக்குக் கிடைத்தது. இதயம் நின்றது திடீரென்று, ஒரு மதியம், வேலையில். சுடலையில், கொள்ளி வைப்பதற்குப் பதிலாக இங்கே அழுத்துகிற அந்தப் பொத்தானை அழுத்துவது யார் என்ற பேச்சு வந்தது. மகன் இல்லை, மருமகன் முறையில் யாராவது பையன் இருக்கிறானா என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் சண்டைக்குத் தயாராகச் சட்டைக் கையை மடித்தேன். அதற்குத் தேவை வரவில்லை. சிவநாதன் அண்ணை ஆரணியின் தோளில் கை வைத்து முன்னுக்குக் கூட்டிப்போனார். பதினைந்து வயதுப் பெண் நிமிர்ந்து நின்று அழுத்தினாள். அண்ணை அவளுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது எது என்று பவானி ஒரு நாள் கேட்டாள். இப்போதும் நான் கூட்டித்தான் கதைக்கிறேன். அது என் மூச்சு, அதை நிறுத்தினால் எனக்கும் பொத்தான் அழுத்த வேண்டிவரும். ஆனால் யாருக்காவது குறிப்பு எழுதும்போது மட்டும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. படிப்பு, வேலை, வீடு எல்லாம் பிறகு. முதல் வரியில், மாப்பிள்ளைக்கோ பொம்பிளைக்கோ சொல்லக் கூச்சமான ஒன்று இருந்தால், அவர்களைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறேன். ஒரு காது கேளாது. ஒரு முறை கலியாணம் கட்டி முறிந்தது. மருந்து எடுக்கிறார். இப்படி எழுதினால் ஒரு கலியாணமும் நடக்காது என்று முதலில் எல்லோரும் சிரித்தார்கள். இதுவரை நூறு நடந்திருக்கிறது. நாலு, மச்சான். நாலும் நன்றாக இருக்கிறார்கள்.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார். நாற்பது வயது, விம்பிள்டன் பக்கம். உன்னைப் போலவே காம்பிலிருந்து வந்தவர், உன்னைப் போலவே அடி. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, எழுதத்தான் வேணுமோ என்று கேட்டார். உன் கதையை அவருக்குச் சொன்னேன். பேர் சொல்லவில்லை, ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. பேனையை என் பக்கம் தள்ளிவிட்டு, எழுதுங்கோ என்றார். எழுதினேன். இரண்டு வீட்டார் குறிப்பைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் முகம் வாடியதைப் பார்த்தபோது, கடைசி இடைவெளியில் ஏதாவது இனிப்பாக எழுதலாமா என்று என் கை அரித்தது. எழுதவில்லை. மூன்றாவது வீட்டார் நேற்று ரெலிபோன் எடுத்தார்கள். முதல் வரியை வாசித்தோம், எங்கள் மகளுக்கு அவரைப் பார்க்க விருப்பம், ஞாயிற்றுக்கிழமை வாங்கோ என்றார்கள்.

நான் கூடப் போகிறேன். வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். பவானி நம்பவில்லை. அவளும் வருகிறாளாம், எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்க.